மன்னித்ததாகக் கொள்ளப்படும்

ஜூலை 8, திங்கள்

இன்றிலிருந்து தினமும் எழுத வேண்டுமாம். வக்கீல் ரெஜினா மேடத்தின் உத்தரவு. "நடந்தத நடந்தபடி, தேதி போட்டு எழுதுங்கக்கா. கூண்டுல நிக்கிறப்ப எல்லாம் மறந்துபோகும். எழுதிப் பழகுனா வாய் குழறாது" என்றார். என் மகளின் பழைய கெமிஸ்ட்ரி நோட்டில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது, அதில் எழுதுகிறேன். மேடம் எப்போது வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம் என்பதால் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

என் பெயர் மங்கையர்க்கரசி. வயது நாற்பத்தொன்று. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. உறையூரில் வாடகை வீடு. மகள் நிரஞ்சனா பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கணவர் குணசேகரன் முசிறிப் பக்கம் அவருடைய ஊரில் இருக்கிறார். அவரிடமிருந்து விவாகரத்து கேட்டு மாசி மாதம் மனுப் போட்டிருக்கிறேன். இதெல்லாம் மேடத்துக்குத் தெரிந்ததுதான். முதல் பக்கமாயிற்றே, ஒழுங்காக இருக்கட்டும்.

இன்று அவர் தரப்பின் பதில் மனு வந்தது. பதினோரு பக்கமும் இங்கிலீஷ். பதினெட்டு வருடம் என்னோடு தமிழில் மட்டுமே சண்டை போட்ட மனிதர் இவ்வளவு இங்கிலீஷை எங்கே வைத்திருந்தாரோ தெரியவில்லை. மேடம் ஒரு சொல்லின் அடியில் பென்சிலால் கோடு போட்டார்.

"கன்டோன்னு பிடிச்சிருக்காங்கக்கா. இதத்தான் எதிர்பாத்தேன்."

எனக்குத் தெரிந்தது கன்டோன்மென்ட் பேருந்து நிறுத்தம் ஒன்றுதான். அப்படியே சொன்னேன். மேடம் சிரிக்கவில்லை.

"ஒருத்தர் செஞ்சது தப்புன்னு தெரிஞ்சும், போனாப் போகுதுன்னு ஏத்துக்கிட்டு பழையபடி இருக்கிறதுதான் கன்டோன். அவர் பண்ணுன கொடுமைய நீங்க மன்னிச்சு, மறுபடி சேந்து வாழ்ந்துட்டீங்கன்னா, அதே கொடுமைய காரணமாக் காட்டி டைவர்ஸ் கேக்க முடியாது. சட்டம் அப்படி."

"நான் எப்ப மேடம் மன்னிச்சேன்?"

"வைகாசியில அந்த வீட்ல பதினாறு நாள் இருந்தீங்கல்ல?"

"அது சாவு மேடம்."

"எனக்குத் தெரியும்க்கா. கோர்ட்டுக்கு நாமதான் சொல்லணும்."

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். புளி தூக்கலாகிவிட்டது. நிரு மோர் ஊற்றிச் சாப்பிட்டாள்.

ஜூலை 9, செவ்வாய்

தண்ணீர் கேன் வரவில்லை. கடையில் இன்று கண் பரிசோதனைக்கு வந்த ஓர் ஆள் பலகையில் உள்ள இங்கிலீஷ் எழுத்துகளைக் கடைசி வரிசைவரை கடகடவென்று படித்தார். வந்த வேலை முடிந்து எழுந்தபோது, "எனக்கு ஏ பி சி டி மட்டுந்தாம்மா தெரியும், ஒரு வார்த்த படிக்கத் தெரியாது" என்றார். எனக்கு அந்தப் பதினோரு பக்கமும் ஞாபகம் வந்தது. நானும் அதில் ஒவ்வோர் எழுத்தையும் படித்துவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

நிருவிடம் அந்தச் சொல்லைக் காட்டினேன். வைகாசிக்குப் பிறகு அவள் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு என்றால் அப்படித்தான், பரீட்சைப் பயம். ஆனாலும் இங்கிலீஷ் என்றதும் வந்து உட்கார்ந்தாள்.

அவளுடைய அகராதியில் 'குற்றம் பொறு' என்றும், 'கண்டும் காணாமல் விடு' என்றும் போட்டிருந்தது. அர்த்தம் தெரிந்தால் போதாதாம். மூன்று வாக்கியமாவது சொந்தமாக எழுதினால்தான் ஒரு வார்த்தை நமக்குச் சொந்தமாம், அவர்கள் டீச்சர் சொல்வார்களாம்.

"நீ ஒண்ணு சொல்லு பாப்போம்" என்றேன்.

"எங்க ஸ்கூல்ல காப்பி அடிக்கிறத கன்டோன் பண்ண மாட்டாங்க."

"இன்னொண்ணு."

"அடிதடிய யாரும் கன்டோன் பண்ண முடியாது. பெரும்பாலும் மாட்டேன், முடியாதுன்னுதாம்மா இந்த வார்த்தை வரும்."

"சரி, மூணாவது?"

அகராதியை மூடினாள். "எங்க அம்மா எல்லாத்தையும் கன்டோன் பண்ணுவாங்க."

மூன்றாவது வாக்கியத்தில் மாட்டேனும் இல்லை, முடியாதும் இல்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் எழுந்து போய்விட்டாள். பிள்ளைகள் உதாரணம் சொல்லும்போது வாயில் வந்ததைச் சொல்வதுதான்.

ஜூலை 14, ஞாயிறு

வைகாசியில் நடந்ததை வரிசையாக எழுதச் சொல்லியிருக்கிறார் மேடம். எழுதுகிறேன்.

மாமியார் பாப்பம்மாள் இறந்த செய்தியைப் போனில் சொன்னது என் அண்ணன் தண்டபாணி. அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அவர்தான். நான் சாவுக்குப் போய்விட்டு அன்றே திரும்பிவிடுவதாகத்தான் சொன்னேன்.

"கேஸு போட்டது புருஷன் மேல. மாமியா மேல இல்லல்ல?" என்றார். "ஒரே மருமக நீ. விளக்குக்கு வேற யாரு இருக்கா? பதினாறு வரைக்கும் இருந்து நல்லபடியா முடிச்சுக் குடுத்துட்டு வந்துரு. செத்த வீட்ல என்ன வீம்பு?"

விளக்கு என்பது இதுதான். எங்கள் வகையறாவில் ஒருவர் இறந்தால், உடலைக் கிடத்தியிருந்த இடத்தில் பித்தளை விளக்கு ஒன்றை ஏற்றி வைப்போம். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அது அணையக் கூடாது. ஏற்றுவது மருமகள். ஏற்றியவள் அதுவரை வேறு வீட்டில் இராத்தங்கக் கூடாது. விளக்கு அணைந்தால் போன உயிர் இருட்டில் நிற்கும் என்பார்கள். ஊரில் யாரும் இதை நம்புகிறார்களா என்று தெரியாது, ஆனால் அணையவிட்ட மருமகளின் பேர் மட்டும் இரண்டு தலைமுறைக்கு நிற்கும்.

பாப்பம்மாள் நல்லவளா கெட்டவளா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மகன் அடித்து ஓய்ந்த பிறகு தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்து எடுத்து வருவது அவள்தான். அதைத் தடவிக்கொண்டே, "சத்தம் போடாத தாயி, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்பதும் அவள்தான். என் இடது மணிக்கட்டு உடைந்த கார்த்திகையில் ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்தவள் அவள். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொன்னவளும் அவளே. அவளுக்காகப் போனேனா, அண்ணனுக்காகப் போனேனா, ஊருக்காகப் போனேனா என்று கேட்டால் மூன்றுக்கும் ஆம் என்றுதான் சொல்வேன். என் கணவருக்காகப் போகவில்லை.

லீவு என்பதால் நிருவும் வந்தாள். இரண்டு மூன்று நாளில் உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். அவர் மாடியில் படுத்தார். நான் கூடத்தில் விளக்குப் பக்கத்தில். நிரு அடுத்த அறையில். அந்த அறைக்குக் கதவு கிடையாது, பழைய சேலையில் ஒரு திரை. தினம் காலையில் பாப்பம்மாளுக்கு ஓர் இலை போட்டுப் படைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சாப்பாடு. அவருக்கும் நான்தான் பரிமாறினேன். வேறு யார் இருக்கிறார்கள்? மூன்றாம் மனிதருக்குப் போடுவது போலப் போட்டேன்.

பதினாறாம் நாள் அண்ணன் முறைப்படி அவருக்கு வேட்டி துண்டும் எனக்குச் சேலையும் கொண்டுவந்தார். இருவரையும் அதைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லி யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள். அந்தப் படம் இப்போது எதிர்த்தரப்பின் ஆவணம். படத்தில் நான் சிரிப்பது போல இருக்கிறது. வெயில் கண்ணில் அடித்தது.

நடுவில் ஒரு நாள் மழை பெய்தது, மின்சாரம் இல்லை. அன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை.

விளக்கு ஒரு முறைகூட அணையவில்லை.

ஜூலை 22, திங்கள்

மேடத்தின் ஆபீஸ். எழுதியதைப் படித்துவிட்டு கதவைச் சாத்தச் சொன்னார்.

"அக்கா, கூச்சப்படாதீங்க. அந்தப் பதினாறு நாள்ல உங்க ரெண்டு பேருக்குள்ள எதுவும் நடந்துச்சா?"

"இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எதிர் வக்கீல் இதத்தான் மொதல்ல கேப்பாரு. நடந்திருந்தா மன்னிச்சதுக்கு அது பெரிய ஆதாரம்னு நிப்பாரு."

"இல்லை மேடம்."

மேடம் பேனாவை மூடி வைத்தார். "இன்னொண்ணும் சொல்லிர்றேன். மன்னிக்கிறதுங்கிறது, இனி இப்படி நடக்காதுங்கிற நம்பிக்கையில பண்றது. அதுக்கப்புறம் அவர் மறுபடி ஏதாவது கொடுமை பண்ணியிருந்தா, மன்னிச்சது செல்லாது. பழசு அத்தனையும் உயிரோட எந்திரிச்சு வந்துரும். கட்டுன பொண்டாட்டியா இருந்தாலும், வேண்டாங்கிறவகிட்ட பண்றதெல்லாம் கொடுமைதான். அதனால புதுசா ஏதாவது இருந்தா சொல்லுங்க. அது உங்களுக்கு எதிரா வராது, உங்கள காப்பாத்தும்."

விளக்கைப் பற்றிச் சொன்னேன். எத்தனை முறை எண்ணெய் ஊற்றினேன், திரியை எப்படி மாற்றுவேன், காற்றடித்தால் முறத்தை வைத்து எப்படி மறைப்பேன் என்று நிறையச் சொன்னேன். மேடம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "சரிக்கா" என்றார்.

வரும் வழியில் அரைக்கிலோ சின்ன வெங்காயம் வாங்கினேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. காவிரியில் தண்ணீர் போகிறது. பெண்கள் எல்லாம் மஞ்சள் கயிறு மாற்ற அம்மா மண்டபத்துக்குப் போகிறார்கள். என்னுடையது பீரோவில் ஒரு டப்பாவில் கிடக்கிறது.

அண்ணன் வந்தார். அண்ணி கொடுத்தனுப்பிய சித்ரான்னங்கள் தூக்கில் இருந்தன. தேங்காய் சாதம் நன்றாக இருந்தது. நிரு தொடவில்லை. காப்பி குடித்து முடித்த பிறகு அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"மாப்ள தரப்புல என்னைய சாட்சிக்குப் போட்டிருக்காங்க."

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அவர் அங்கேயேதான் இருந்தார்.

"நீங்க சரின்னுட்டீங்களா அண்ணே?"

"பொய்யா சொல்லப் போறேன்? நீ அங்க இருந்தியா இல்லையா? நல்லபடியா இருந்தியா இல்லையா? கண்ணால பாத்தத சொல்றேன். நம்ம சுபாவுக்கு எடம் வந்துக்கிட்டிருக்கு. பொண்ணோட அத்தை கோர்ட்டுல நிக்கிறான்னா எவன் வருவான்? நீ சேந்து வாழ வேணாம், பேருக்கு அப்படியே இருந்துட்டுப் போ. யாரு உன்னைய அங்க போகச் சொன்னா?"

"நீங்கதாண்ணே போகச் சொன்னீங்க."

"அது சாவுக்கு."

சாவுக்குப் போகச் சொன்னதும் இவர்தான், போனதற்குச் சாட்சி சொல்லப் போவதும் இவர்தான். இதற்கு முன்னால் மூன்று முறை நான் பெட்டியோடு வந்து நின்றபோது மூன்று முறையும் வாடகைக் கார் பிடித்து என்னை அங்கே கொண்டுபோய் விட்டதும் இவர்தான். அந்த மூன்றும் பதில் மனுவில் நான் மன்னித்த கணக்கில் வருகின்றன. மன்னித்தது யார் என்று பார்த்தால் எங்கள் அண்ணன்தான் ஒவ்வொரு முறையும் மன்னித்திருக்கிறார். என் உடம்பைக் கொண்டு மன்னித்திருக்கிறார்.

வயிறு எரிகிறது. தேங்காய் சாதத்தால் இல்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நிருவின் டீச்சர் சொன்னபடி சொந்த வாக்கியங்கள்:

பால்காரர் தண்ணீர் கலப்பதை நான் கன்டோன் செய்கிறேன், இந்தத் தெருவுக்கு வேறு பால்காரர் இல்லாததால்.

கடை முதலாளி ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவதைக் கன்டோன் செய்கிறேன். இன்றும் போய்விட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கார அம்மா, "ஆம்பள இல்லாத வீடு, கேட்டை சீக்கிரம் பூட்டிக்கங்க" என்று மாதம் ஒரு முறை சொல்வதைக் கன்டோன் செய்கிறேன்.

என் அம்மா என் அப்பாவைக் கன்டோன் செய்தாள். அதற்கு எங்கள் வீட்டில் குடும்பம் நடத்துவது என்று பெயர்.

பாப்பம்மாள் தன் மகனைக் கன்டோன் செய்தாள். அதற்குத் தாய்ப்பாசம் என்று பெயர்.

டாக்டரும் செய்தார். உடைந்த மணிக்கட்டைப் பார்த்தார், என் கன்னத்தைப் பார்த்தார், 'வழுக்கி விழுந்தது' என்று எழுதினார்.

மூன்று வாக்கியம் போதும் என்றாள் நிரு. எனக்கு நிறுத்த முடியவில்லை. இத்தனை வருடம் இந்தச் சொல்லுக்குள்ளேயே குடியிருந்திருக்கிறேன், பேர்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

செப்டம்பர் 10, செவ்வாய்

வாய்தா. எதிர் வக்கீலுக்குக் காய்ச்சலாம். அரை நாள் சம்பளம் போச்சு.

செப்டம்பர் 27, வெள்ளி

மேடம் போன் செய்தார். அண்ணன் சாட்சி சொன்னால் அது பலமாக விழும், பெண்ணின் கூடப் பிறந்தவரே சொல்கிறார் என்று ஆகிவிடும் என்றார். "அந்த வீட்ல பதினாறு நாளும் இருந்த ஆளு நம்ம பக்கம் நிரஞ்சனா ஒருத்திதான். அவள கூப்பிடலாமாக்கா?"

"வேண்டாம் மேடம். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவ பிள்ளை."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் நிரு பின்னால் நின்றாள். வந்து எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். வழக்கமாக அவள் இந்த வேலைக்கு வருவதில்லை.

"நான் வந்து சொல்றேன்மா."

"என்னத்த சொல்லுவ?"

"மழை பெஞ்ச அன்னிக்கு நடந்தத."

என் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தேன். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை, மின்சாரம்தான் இல்லை என்றேன். அவள் நிமிரவில்லை.

"அப்பா மாடியிலேர்ந்து எறங்கி வந்தது தெரியும். விளக்கு சாஞ்ச சத்தம் கேட்டுச்சு. அப்புறம் எதுவுமே கேக்கல. நீ ஒரு வார்த்த பேசல. காலையில எந்திரிச்சுப் பாத்தா விளக்கு எரியுது, நீ அவருக்குக் காப்பி ஆத்திக்கிட்டிருக்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரி, அம்மா அவர மன்னிச்சுட்டாங்கன்னு நெனச்சேன். கேஸு, கோர்ட்டு எல்லாம் சும்மான்னு நெனச்சேன். உன்னைய பாத்தாலே எரிச்சலா வந்துச்சும்மா."

நான்கு மாதம் என் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். நான் பரீட்சைப் பயம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

"நீ ஏம்மா சத்தம் போடல?"

"நீ முழிச்சுக்குவேன்னுதாண்டி."

"நான் முழிச்சுட்டுத்தாம்மா இருந்தேன்."

வெங்காயம் முழுவதையும் உரித்து முடித்தோம். சாம்பாருக்கு வேண்டியதைப் போல மூன்று மடங்கு இருந்தது. அழுதேன் என்று எழுத வேண்டுமானால் எழுதலாம், வெங்காயமும் இருந்தது.

செப்டம்பர் 28, சனி

மேடத்திடம் சொன்னேன். நிரு வர வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். மேடம் எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஜூலை மாதமே தெரியும் என்றார்.

"எப்படி மேடம்?"

"விளக்கு அணையலன்னு அவ்வளவு நேரம் சொன்னீங்களேக்கா."

நவம்பர் 12, செவ்வாய்

இன்று என் குறுக்கு விசாரணை. மேடம் கேட்டுக்கொண்டபடி மற்றவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். நீதிபதி அம்மா, தட்டச்சு செய்யும் பெண், இரண்டு வக்கீல்கள், குணசேகரன், நான்.

கூண்டில் ஒரு வழக்கம் உண்டு. எதிர் வக்கீல் ஏதாவது சொல்வார். நாம் ஒப்புக்கொண்டால் 'சரிதான்'. இல்லையென்றால் 'சரியல்ல'. அவ்வளவுதான், தட்டச்சில் ஏறிவிடும். மேடம் என்னை வாரக்கணக்கில் பழக்கியிருந்தார்.

எதிர் வக்கீல் வயதானவர், குரலை உயர்த்தவே இல்லை. அடுத்த வீட்டுப் பெரியவர் விசாரிப்பது போலக் கேட்டார். மாமியார் காரியத்துக்கு நான் விரும்பித்தானே போனேன்? சரிதான். கணவருக்கு நான்தானே பரிமாறினேன்? சரிதான். படத்தில் இருப்பது நான்தானே? சரிதான்.

"பதினாறு நாளும் அந்த விளக்க கண்ணும் கருத்துமா பாத்துக்கிட்டீங்க. வெறுத்துப்போன வீட்ல எந்தப் பொண்ணும்மா அப்படிச் செய்வா? கணவர மன்னிச்சு, சேந்து வாழுற எண்ணத்துலதான் அங்க தங்குனீங்கன்னு சொல்றேன்."

"சரியல்ல."

"பதினாறு நாளும் விளக்கு அணையவேயில்ல. அது மட்டும் சரிதானே?"

இதற்கும் சரிதான் என்று சொல்லியிருந்தால் பாப்பம்மாளின் மருமகள் என்ற நல்ல பேராவது மிச்சமாகியிருக்கும். ஊரில் இன்றுவரை எனக்கு இருக்கும் ஒரே நல்ல பேர் அது.

"சரியல்ல. அணைஞ்சது."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கேள்வியை அங்கேயே விட்டுவிட நினைத்திருப்பார் போல. நீதிபதி அம்மா, "எப்படி அணைஞ்சது?" என்று கேட்டுவிட்டார்.

சொன்னேன். மழை பெய்த அன்று யார் கூடத்துக்கு வந்தது, வேண்டாம் என்று சத்தம் வராமல் நான் எத்தனை முறை சொன்னேன், அதன் பிறகு என் வாயை எது அடைத்தது, விளக்கு எதில் பட்டுச் சாய்ந்தது, எண்ணெயை நான் எந்தத் துணியால் துடைத்தேன் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த நோட்டில் எழுதப் போவதில்லை. ஒரு முறை சொன்னது போதும். வாய் குழறவில்லை.

"அப்ப சத்தம் போட்டு யாரையும் ஏம்மா கூப்பிடல?" என்றார் நீதிபதி அம்மா.

"மக பக்கத்து ரூம்ல தூங்குறான்னு நெனச்சேம்மா."

தட்டச்சுப் பெண் அடித்தாள். நான் பேசியது அரை மணி நேரம் இருக்கும். அது ஒன்றரை வரியாகத் தாளில் ஏறியது. குணசேகரன் அத்தனை நேரமும் கைக்கடிகாரத்தின் வாரைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். அதன் பிறகு எதிர் வக்கீல் கேட்டதற்கெல்லாம் சரியல்ல, சரியல்ல என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

நிரு வாசலில் யூனிஃபார்மோடு நின்றாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டிருக்கிறாள்.

"என்னம்மா சொன்ன?"

"விளக்கு அணைஞ்சதுன்னு சொன்னேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேருந்து ஏறும்வரை விடவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

அண்ணன் சாட்சி சொன்னார். என் தங்கை அந்த வீட்டில் சந்தோஷமாகத்தான் இருந்தாள், பதினாறு நாளும் விளக்கு அணையவே இல்லை, நான் என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னார். அவர் அந்த வீட்டில் இருந்தது முதல் நாளும் கடைசி நாளும். அதை மேடம் கேட்டு வாங்கிப் பதிவு செய்தார்.

படியில் இறங்கும்போது என் பக்கத்தில் வந்தார். "வீட்டுக்குள்ள நடக்கிறதெல்லாமா கோர்ட்டுல வந்து சொல்றது? எப்படி மங்கை உனக்கு வாய் வந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். அதே குரல், சத்தம் போடாத தாயி என்ற குரல். மஞ்சள்தான் இல்லை.

மார்ச் 10, திங்கள்

தீர்ப்பு வந்துவிட்டது. மேடம் ஒரு பத்தியை மட்டும் எனக்குத் தமிழில் சொன்னார். மனுதாரர் அந்த வீட்டில் தங்கியது இறந்தவருக்குச் செய்ய வேண்டிய சடங்குக்காகவே. அதைக் கொண்டு அவர் எதிர்மனுதாரரை மன்னித்ததாகக் கொள்ள இயலாது. விவாகரத்து வழங்கப்படுகிறது.

சந்தோஷம் வரும் என்று கோர்ட்டு வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. பசி வந்தது. பூரி சாப்பிட்டேன். மேடம் காசு கொடுக்க விடவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

எழுதுவதை நிறுத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இன்று ஒன்று எழுத வேண்டியிருக்கிறது.

மத்தியானம் தண்டபாணி வந்தான். நல்ல வெயில், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு பழம், மேலே கல்யாணப் பத்திரிகை. சுபாவுக்கு வைகாசியில் முகூர்த்தம். நான் வா என்று சொல்வதற்குக் காத்திருக்காமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நடந்தது நடந்துபோச்சு மங்கை. எதையும் மனசுல வச்சுக்காத. அத்தை இல்லாம எப்படி? முன்னாடி வந்து நிக்க வேணாம், மாப்ள வீட்டுக்காரங்க ஏதாவது கேப்பாங்க. பந்தியில வந்து உக்காந்து சாப்ட்டுட்டு, பிள்ளைய ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போ."

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். "ஸ்ஸ், என்னா வெயில்" என்றான். இந்த வீட்டுக்கு எப்போது வந்தாலும் அவன் தண்ணீர் கேட்டதில்லை. கேட்கும் முன்பே வந்துவிடும்.

நிரு பழக்கத்தில் எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள்.

"உள்ள வையி நிரு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். கூடப் பிறந்தவன், வெயிலில் வந்தவன், கையில் மங்கலத் தட்டோடு வந்தவன். எங்கள் வகையறாவில் கொலைகாரன் வந்தால்கூட முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேசுவார்கள். எனக்கும் மனசு அடித்துக்கொண்டது, இல்லை என்று சொல்லமாட்டேன். நிரு சொம்பை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அவன் கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போனான்.

ஒரு வாய்த் தண்ணீர்தான். கொடுத்திருந்தால் மன்னித்ததாகக் கொள்ளப்படும்.